கருஞ்சிவப்புக் கவசத்துக்கு நிழலும் ஹைலைட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னப் பொம்மை வீரர்களுக்கு நாமே பெயிண்ட் அடித்து மேசையில் விளையாடும் வார்ஹேமர் 40,000 விளையாட்டில் வேர்ட் பேரர்ஸ், ஃபிளெஷ் டேரர்ஸ் படைகளின் கவசம் பளிச்சென்ற சிவப்பு அல்ல. புடவைக் கடையில் அரக்கு என்று எடுத்துப் போடுவார்களே, ஏறக்குறைய அந்த நிறம். அழகான நிறம்தான், ஆனால் பெயிண்ட் செய்யும்போது சுலபமாகக் கைநழுவிப் போய்விடும். நிழல் போட்டால் பழுப்பாகிறது, ஹைலைட், அதாவது வெளிச்சம் படும் இடத்துக்கு வெளிர் நிறம், போட்டால் ஆரஞ்சாகவோ ரோஸாகவோ மாறுகிறது. முடித்துவிட்டுப் பார்த்தால் அரக்கு எங்கேயும் இல்லை. அந்த நிறத்தைக் காப்பாற்றிக்கொண்டே கவசத்துக்கு வடிவம் கொடுப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். உதாரணத்துக்கு 32 மி.மீ. அளவிலான ஒரு ஸ்பேஸ் மரீன் வீரனை, அதாவது உடம்பு முழுக்கக் கவசத் தகடு அணிந்த வீரனை, வைத்துக்கொள்கிறேன். பெயிண்ட் பெயர்கள் சிட்டடெல், வயேஹோ பிராண்டுகளுடையவை. உங்களிடம் வேறு நிறுவனத்துப் பெயிண்ட் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

நீலத்திலும் பச்சையிலும் ஒழுங்காக வரும் ஹைலைட் சிவப்பில் மட்டும் ஏன் சொதப்புகிறது?

சிவப்பு இயல்பிலேயே வெளிச்சம் குறைந்த நிறம். கணினித் திரையில் முழு வெள்ளையின் ஒளிர்வை 100 என்று வைத்தால், அதில் பச்சையின் பங்கு சுமார் 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7. அதாவது, கலப்பே இல்லாத சுத்தச் சிவப்பு எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் ஒளிர்வில் வெள்ளையின் கால் பங்கைக்கூட எட்டாது. அதற்கு மேல் வெளிச்சமாக்க வேண்டுமானால் வேறு நிறம் உள்ளே வந்தே ஆக வேண்டும். மஞ்சள் பக்கம் போனால் ஆரஞ்சு. வெள்ளையைச் சேர்த்தால் ரோஸ். மூன்றாவது வழி கிடையாது.

வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு இன்னொரு வேலையும் செய்யும். சிவப்பைக் குளிர்ச்சியான பக்கம் இழுத்து, சுண்ணாம்பு பூசின மாதிரி வெளிறச் செய்துவிடும். நீலத்தில் அதே வெள்ளையைக் கலந்தால் வெளிர் நீலம் வருகிறது, நாம் அதையும் நீலம் என்றே ஏற்றுக்கொள்கிறோம். வெளிர் சிவப்பை யாரும் சிவப்பு என்று பார்ப்பதில்லை.

ஆகவே கருஞ்சிவப்பில் மேலே ஏறுவதற்கு இடம் குறைவு. நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: உயரத்தைத் தேடாமல் ஆழத்தைத் தேடுங்கள். நிழலை நன்றாக இருட்டாக்கினால், நடுத்தரமான ஒரு சிவப்பே ஹைலைட்டாகத் தெரிய ஆரம்பிக்கும். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்த எண்ணம்தான் ஓடுகிறது.

அடிப்படை நிறமாக எதை எடுப்பது?

சிட்டடெலில் கோர்ன் ரெட். மெஃபிஸ்டன் ரெட் இதைவிடப் பிரகாசமானது, பிளட் ஏஞ்சல்ஸ் என்ற பளிச்சென்ற சிவப்புப் படையின் கவசத்துக்கு அது பொருந்தும், நமக்கு அல்ல. வயேஹோ மாடல் கலரில் 70.859 பிளாக் ரெட், 70.814 பர்ண்ட் ரெட் இரண்டும் நல்ல தேர்வு. 70.985 ஹல் ரெட் பழுப்புப் பக்கம் சாய்ந்தது. அதை நிழலுக்கு வைத்துக்கொள்ளலாம், அடிப்படையாக வைத்தால் துருப்பிடித்த இரும்பு மாதிரி ஆகிவிடும்.

பல சிவப்பு நிறமிகள் இயல்பாகவே ஒளிபுகும் தன்மை கொண்டவை. முதல் கோட் பூசியதும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம். தடிமனாகப் பூசி மூட நினைக்காமல் தண்ணீர் கலந்து இரண்டு, மூன்று கோட்டாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. இரும்பு ஆக்ஸைடு கலந்த செங்காவிச் சாயல் சிவப்புகள் நன்றாக மூடும். சுத்தமான பளிச்சிடும் சிவப்புகள்தான் அடம்பிடிக்கும். ஆகவே அடியில் ஒரு கோட் ஹல் ரெட், அதன்மேல் நீங்கள் விரும்பிய கருஞ்சிவப்பு என்று போனால் வேலை பாதியாகக் குறையும்.

பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) கறுப்பா, சாம்பலா, வெள்ளையா?

கறுப்பு, அல்லது கரும்பழுப்பு. வெள்ளைப் பிரைமர்மேல் கருஞ்சிவப்பு பூசினால், பிரஷ் எட்டாத இடுக்கெல்லாம் வெள்ளைப் புள்ளியாகக் கண்ணை உறுத்தும். கறுப்பில் விட்டுப்போன இடுக்கு தானாகவே நிழலாகிவிடும்.

ஜெனித்தல் முறை, அதாவது முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு, தலைக்கு மேலிருந்து மட்டும் சாம்பலோ வெள்ளையோ தூவுவது, இங்கே உதவுமா என்று கேட்பார்கள். மூன்று கோட் பெயிண்டின் அடியில் அது காணாமல் போய்விடும். ஆனால் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று காட்டும் வரைபடமாக அது மிக நல்லது. தூவி முடித்ததும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹைலைட் போடும் நேரத்தில் அந்தப் படங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

சென்னை, கொழும்பு மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஸ்பிரே பிரைமர் அடித்தால் காற்றில் உள்ள ஈரம் காரணமாகப் பரப்பு சொரசொரப்பாகிவிடும். வெயில் வந்த நாளாகப் பார்த்து அடியுங்கள். அல்லது பிரஷால் பூசும் பிரைமர் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிழலுக்குக் கறுப்பைக் கலக்கலாமா?

கலக்கலாம், ஆனால் வெறும் கறுப்பு கலந்த சிவப்பு செத்துப்போன நிறமாக இருக்கும். அதைவிட உயிரோட்டமான வழிகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது, எதிர்நிறம். சிவப்புக்கு எதிரே நிற்பது பச்சை. கோர்ன் ரெட்டோடு இன்குபி டார்க்னஸ் போன்ற நீலப்பச்சை இருட்டு நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். வயேஹோ வைத்திருப்பவர்களுக்கு 70.980 பிளாக் கிரீன். இரண்டும் ஒன்றையொன்று அடக்கி, கறுப்புக்கு மிக அருகில் போய் நிற்கும். ஆனால் கறுப்பாகாது, உள்ளே சிவப்பின் சூடு மிச்சமிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த நிழல் இதுதான். காட்சிக்கு வைக்கும் மாடல்களில் இதை விட்டு வேறு பக்கம் போகத் தோன்றுவதில்லை.

இரண்டாவது, ஊதா. நிழல் குளிர்ச்சியாக, கொஞ்சம் மர்மமாக வேண்டுமென்றால் அடர் ஊதாவோ கருநீலமோ சேர்க்கலாம். வேர்ட் பேரர்ஸ் போன்ற கேயாஸ் (விளையாட்டின் கதையில் தீய சக்திகளின் பக்கம்) படைக்கு இது மிகப் பொருத்தம். மேலே ஆரஞ்சு ஹைலைட்டும் கீழே ஊதா நிழலும் இருந்தால் சூடும் குளிர்ச்சியும் மோதி, நடுவில் இருக்கும் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரியும்.

மூன்றாவது, கரும்பழுப்பு. ரைனாக்ஸ் ஹைட் போன்ற நிறம். பயணப்பட்டு, தூசி படிந்த, போர்க்களத்தில் அடிபட்ட கவசத்துக்கு இது. சேறு, துரு வேலைகளோடு எளிதாகச் சேர்ந்துவிடும்.

மூன்றில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் படை முழுக்க அதையே பின்பற்றுங்கள். ஒருவனுக்கு ஊதா நிழல், பக்கத்தில் நிற்பவனுக்குப் பழுப்பு நிழல் என்றால், இருவரும் வேறு வேறு படை மாதிரி தெரிவார்கள்.

எந்த வாஷ் (பள்ளங்களில் இறங்கி நிழல் கொடுக்கும் நீர்த்த பெயிண்ட்)? முழுக்கப் பூசுவதா, பள்ளத்தில் மட்டுமா?

நல்ன் ஆயில் கறுப்பு. சிவப்பைக் கொஞ்சம் மங்கலாக்கும். அக்ராக்ஸ் எர்த்ஷேட் பழுப்பு, சிவப்பைச் சூடாகவும் அழுக்காகவும் காட்டும். கரோபர்க் கிரிம்சன் சிவப்புச் சாயல் கொண்டது, நிறத்தைக் கெடுக்காமல் ஆழம் மட்டும் கொடுக்கும். டிருகை வயலெட் ஊதா. கருஞ்சிவப்புக்கு முழுக்கப் பூசுவதென்றால் கரோபர்க் கிரிம்சன், பள்ளத்தில் மட்டும் கோடாக விடுவதென்றால் நல்ன் ஆயில்.

ஸ்பேஸ் மரீன் கவசத்தில் பெரிய வழவழப்பான தகடுகள் அதிகம். தோள்பட்டைக் கவசம் முழுக்க வாஷைக் கொட்டினால் காயும்போது ஓரத்தில் வளையமாகக் கறை நிற்கும். அதனால் தகடுகளின் இணைப்பு, ரிவெட்டைச் சுற்றி, முழங்கால் தகட்டின் கீழ் விளிம்பு என்று பிரஷ் நுனியால் இழுத்து விடுவதே நல்லது. வாஷோடு சம அளவு லாமியன் மீடியம் (பெயிண்டை நீர்க்கச் செய்யும் நிறமற்ற திரவம்) சேர்த்தால் கறை விழும் ஆபத்து குறையும். எங்காவது தேங்கினால் காய்வதற்கு முன்பே ஈரப் பிரஷால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கறை விழுந்தே விட்டதென்றால் அடிப்படை நிறத்தை மெல்லியதாக்கித் தகட்டின் நடுவில் மறுபடி பூசினால் போதும், பள்ளத்தில் இருக்கும் இருட்டு அப்படியே நிற்கும்.

ஹைலைட் நிறம் ஆரஞ்சா, ரோஸா, தோல் நிறமா?

இங்கேதான் முடிவெடுக்க வேண்டும், இங்கேதான் கவசத்தின் குணமும் தீர்மானமாகிறது.

ஆரஞ்சுப் பாதை பரவலானது. கோர்ன் ரெட்டிலிருந்து வஸ்டாக்கா ரெட், அப்புறம் ஈவில் சன்ஸ் ஸ்கார்லெட், கடைசியில் வைல்ட் ரைடர் ரெட், மிகக் கூர்மையான முனையில் ஃபயர் டிராகன் பிரைட் ஒரு புள்ளி. சூடாக, ஆவேசமாக இருக்கும். ஆனால் இந்தப் படிக்கட்டில் கடைசிவரை ஏறி எல்லா விளிம்பிலும் வைல்ட் ரைடர் ரெட் போட்டால், கையில் இருப்பது கருஞ்சிவப்புப் படை அல்ல, ஆரஞ்சுக் கோடு போட்ட படை. மேசையில் மூன்று அடி தள்ளி வைத்துப் பாருங்கள், கண் அந்தக் கோடுகளை மட்டுமே பார்க்கும். வஸ்டாக்கா ரெட்டையும் ஈவில் சன்ஸ் ஸ்கார்லெட்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போவதெல்லாம் ஹெல்மெட்டின் நெற்றி, தோளின் உச்சி, முழங்கால் முனை என்று விரல் விட்டு எண்ணும் இடங்களுக்கு மட்டும்.

தோல் நிறப் பாதை எனக்குப் பிடித்தது. அடிப்படைச் சிவப்போடு பக்மேன்ஸ் குளோ, கேடியன் ஃபிளெஷ்டோன் போன்ற மனிதத் தோல் நிறங்களைச் சிறிது சேர்ப்பது. வயேஹோவில் 70.815 பேசிக் ஸ்கின்டோன். தோல் நிறத்தில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு மூன்றுமே அடக்கம் என்பதால், ரோஸ் பக்கமும் அதிகம் போகாது, ஆரஞ்சாகவும் எரியாது. நடுவில் ஒரு மங்கலான, பழைய தோல்பொருள் மாதிரியான வெளிச்சம் வரும். அரக்கு நிறத்தின் கம்பீரம் இதில்தான் கெடாமல் நிற்கிறது. படையில் மூத்தவர்கள், சேவைக்காலம் நீண்ட வீரர்கள் என்று காட்ட விரும்பினால் இதை எடுங்கள்.

ரோஸ் பாதையை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. ஸ்கிரீமர் பிங்க் போன்ற இருண்ட ரோஸை நடு வெளிச்சமாக வைத்தால், சிவப்பு ஒயின் நிறத்துக்குப் போகும். நிழலில் ஊதா போட்டிருந்தால் இது அழகாக ஒட்டும். ஆனால் அதன்மேல் வெள்ளை மட்டும் சேர்க்காதீர்கள்.

ஹைலைட்டை எந்த இடத்தில் போடுவது?

மாடலை ஒரு மேசை விளக்கின் நேர் கீழே வையுங்கள். அடிப்படை நிறத்தின்மேல் தற்காலிகமாகப் பளபளப்பான வார்னிஷ் ஒரு கோட் பூசியிருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் விழும் இடம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். போனில் படம் எடுத்துக்கொண்டு அதைப் பார்த்துப் போடுங்கள்.

ஸ்பேஸ் மரீன் உடம்பை எளிய வடிவங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். தோள்பட்டைக் கவசம் பந்தின் ஒரு துண்டு, ஆகவே வெளிச்சம் உச்சியிலிருந்து சற்று முன்னால் ஒரு வட்டமாக விழும், எல்லாப் பக்கமும் மங்கிக்கொண்டே போகும். கெண்டைக்கால் கவசம் உருளை, வெளிச்சம் மேலிருந்து கீழாக ஒரு பட்டை, இரு ஓரமும் இருட்டு. தொடையின் மேல்பகுதி வானத்தைப் பார்க்கிறது, வெளிச்சம் வரும். தொடையின் அடிப்பகுதி, கைக்கு அடியில், பேக்பேக்கின் கீழே எல்லாம் கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கட்டும்.

பலரும் தயங்குவது இந்த இருட்டு விஷயத்தில்தான். இவ்வளவு நேரம் செலவழித்துப் பூசின சிவப்பை மறுபடி கறுப்பாக்குவதா என்று மனசு வராது. தயங்க வேண்டாம். கவசப் பரப்பில் பாதிக்கு மேல் அடிப்படை நிறமோ அதைவிட இருண்ட நிறமோ இருந்தால்தான் மாடல் கருஞ்சிவப்பாகப் படும். நடுத்தரச் சிவப்பு கால் பங்கு. மீதியில் சின்னத் துளிதான் உண்மையான ஹைலைட்.

சரிபார்க்க எளிய வழி: போன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனபிறகும் தோள் உருண்டையாகத் தெரிந்தால் சரி. தட்டையாகத் தெரிந்தால் நிழல் போதவில்லை என்று அர்த்தம்.

எட்ஜ் ஹைலைட், அதாவது விளிம்பில் இழுக்கும் வெளிச்சக் கோடு, தடிமனாகவும் கோணலாகவும் வருகிறது. என்ன செய்வது?

பிரஷ் நுனியால் கோடு வரையாதீர்கள். பிரஷைப் படுக்க வைத்து, முடியின் பக்கவாட்டால் விளிம்பைத் தடவுங்கள். விளிம்பு துருத்திக்கொண்டு இருப்பதால் அதுவே பெயிண்டை வாங்கிக்கொள்ளும், கோடு தானாக நேராக வரும். உள்பக்க விளிம்பு, ஹெல்மெட்டின் வாய்ப்பகுதி போன்ற பக்கவாட்டு எட்டாத இடங்களில் மட்டும் நுனி.

பெயிண்டின் பதம் முக்கியம். கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுங்கள். விட்டுவிட்டு வந்தால் கெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர். நகத்தின் பள்ளங்களில் பரவினால் நீர்த்துவிட்டது. இடையில் ஒரே சீராக வந்தால் மாடலுக்குப் போகலாம்.

கருஞ்சிவப்புக்கு இரண்டு படி விளிம்பு போதும். முதலில் ஈவில் சன்ஸ் ஸ்கார்லெட் அகலமாக. பிறகு விளிம்புகள் சந்திக்கும் மூலைகளில் மட்டும் இன்னும் வெளிச்சமான நிறம். கீழ்நோக்கிய விளிம்புகளுக்கு முதல் படியே தேவையில்லை, வஸ்டாக்கா ரெட் போதுமானது. எல்லா விளிம்புக்கும் ஒரே பிரகாசம் கொடுத்தால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும்.

கோடு தவறினால் ஈரப் பிரஷால் உடனே துடையுங்கள். காய்ந்துவிட்டால் அடிப்படை நிறத்தால் அடியிலிருந்து மேலே தள்ளிக் கோட்டை மெலியச் செய்யலாம்.

கிளேஸ் என்றால் என்ன? அது இல்லாமல் முடியாதா?

முடியும். ஒரு படைக்கு முப்பது வீரர்கள் என்றால் வாஷும் எட்ஜ் ஹைலைட்டும் போதும், நன்றாகவே இருக்கும். தலைவனுக்கும் காட்சி மாடலுக்கும் கிளேஸ் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு பங்கு பெயிண்டுக்கு ஐந்து பங்கு தண்ணீரோ மீடியமோ கலந்து, கண்ணாடி மாதிரி மெல்லிய படலமாகப் பூசுவது கிளேஸ். பிரஷை நனைத்ததும் டிஷ்யூ பேப்பரில் ஒருமுறை ஒற்றி எடுக்க வேண்டும், இதை விட்டால் குட்டையாகத் தேங்கிவிடும். பிரஷை எந்தத் திசையில் இழுக்கிறீர்களோ அந்த முடிவில்தான் நிறமி அதிகம் போய்ச் சேரும். ஆகவே நிழல் கிளேஸ் என்றால் வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கி இழுங்கள், ஹைலைட் கிளேஸ் என்றால் இருட்டிலிருந்து வெளிச்சத்தை நோக்கி.

சிவப்பு நிறமிகள் ஒளிபுகும் தன்மை உடையவை என்று மேலே சொன்னது அடிப்படை கோட்டில் தொல்லை. கிளேஸில் அதுவே பெரிய வரம். சிவப்பைப் போல கிளேஸுக்கு ஏற்ற நிறங்கள் குறைவு. ஹைலைட் கரடுமுரடாக இருந்தாலும் மேலே இரண்டு மூன்று மெல்லிய சிவப்புப் படலம் இழுத்தால் படிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், நிறமும் ஆழமாகும்.

ஒரு வீரனை ஆரம்பம் முதல் முடிவு வரை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்லுங்களேன்.

கறுப்புப் பிரைமர். அதன்மேல் கோர்ன் ரெட் இரண்டு கோட். பள்ளங்களில் நல்ன் ஆயிலும் கரோபர்க் கிரிம்சனும் சரிபாதி கலந்து கோடாக விடுங்கள். காய்ந்ததும் கோர்ன் ரெட்டோடு இன்குபி டார்க்னஸ் கலந்து, கீழ்நோக்கிய பரப்புகளிலும் கால்களின் உள்பக்கத்திலும் கிளேஸாக இரண்டு தடவை. இப்போது மாடல் மிக இருட்டாகத் தெரியும், அது சரிதான்.

அப்புறம் தோள், தொடை, ஹெல்மெட் உச்சியில் வஸ்டாக்கா ரெட் மெல்லியதாக. அதன் நடுவில் வஸ்டாக்கா ரெட்டோடு பக்மேன்ஸ் குளோ கொஞ்சம் சேர்த்து, சிறிய பரப்பில். மேல் விளிம்புகளில் ஈவில் சன்ஸ் ஸ்கார்லெட். மூலைகளில் அதே நிறத்தோடு கேடியன் ஃபிளெஷ்டோன் கலந்து புள்ளிகள். கடைசியாக கோர்ன் ரெட் கிளேஸ் ஒன்று, வெளிச்சமும் நடு நிறமும் சந்திக்கும் எல்லையில் மட்டும்.

படையாகச் செய்யும்போது ஐந்து பேரை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் ஐவருக்கும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முதல் ஆளுக்குக் காயும் நேரம் தானாகக் கிடைத்துவிடும்.

நிறத்தையும் நிழலையும் ஒன்றாகத் தரும் கான்ட்ராஸ்ட் பெயிண்டால் ஒரே கோட்டில் வேலை முடியாதா?

2019இல் வந்த கான்ட்ராஸ்ட் வரிசையில் ஃபிளெஷ் டேரர்ஸ் ரெட் கருஞ்சிவப்புக்குக் கிட்டத்தட்ட ஏற்றது. துணி, இறகு, சங்கிலிக் கவசம் மாதிரி மேடுபள்ளம் நிறைந்த பரப்பில் அற்புதமாக இருக்கும். வழவழப்பான பெரிய தகட்டில் திட்டுத்திட்டாக நிற்கும், அதனால் ஸ்பேஸ் மரீனுக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். ஆனால் வெள்ளித் தளத்தின்மேல் பூசினால் உலோகச் சிவப்பாக மின்னும், அது தனி அழகு.

கவசத்தின் ஓர உலோகத்துக்கும் மற்றப் பொருட்களுக்கும் என்ன நிறம் வைத்தால் சிவப்பு எடுபடும்?

வேர்ட் பேரர்ஸ் கதையில் அவர்கள் முதலில் சாம்பல் கவசம் அணிந்தவர்கள், ஹோரஸ் கலகம் என்ற உள்நாட்டுப் போரின் காலத்தில்தான் கருஞ்சிவப்புக்கு மாறினார்கள். ஓரங்கள் வெள்ளி, இரும்பு நிறம். லெட்பெல்ச்சர் பூசி நல்ன் ஆயில் விட்டால் குளிர்ச்சியான அந்த இரும்பு, சூடான சிவப்பைத் தூக்கிக் காட்டும். பித்தளை, தங்க ஓரம் போட்டால் இரண்டுமே சூடு. கேயாஸ் தெய்வமான கோர்னின் படைகளுக்கு அது பொருந்தும், ஆனால் பித்தளையின் நிழலை நன்கு இருட்டாக்காவிட்டால் சிவப்போடு கரைந்துவிடும்.

காகிதச் சுருள், மண்டை ஓடு போன்றவற்றின் எலும்பு நிறம் கருஞ்சிவப்புக்கு மிக நல்ல துணை. கண்களுக்குப் பச்சை. எதிர்நிறம் என்பதால் ஒரு சின்னப் புள்ளிகூடத் தனியாகத் தெரியும். மாடல் நிற்கும் தளத்துக்குச் செம்மண் நிறம் வேண்டாம், சாம்பல் பாறையோ வெளிறிய புல்லோ வையுங்கள்.

கவசத்தில் கீறலும் பெயிண்ட் உதிர்வும் காட்ட வேண்டும். ஹைலைட்டோடு குழம்பிவிடாதா?

ஹைலைட் எல்லாம் முடிந்த பிறகே உதிர்வு. பேக்கிங்கில் வரும் ஸ்பாஞ்சைப் பிய்த்து, ரைனாக்ஸ் ஹைட்டில் தொட்டு, டிஷ்யூவில் பெரும்பாலும் துடைத்துவிட்டு விளிம்புகளில் லேசாக ஒற்றுங்கள். பெரிய கீறல்களுக்குக் கீழ் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஈவில் சன்ஸ் ஸ்கார்லெட் கோடு. வெளிச்சம் மேலிருந்து வருவதால் பள்ளத்தின் கீழ் உதடுதான் ஒளிரும். அந்த ஒரு கோட்டில் கீறல் ஆழமாகிவிடும்.

ஜப்பானிய சாமுராய் மாடலின் சிவப்புக் கவசத்துக்கும் இதே முறையா?

நிறம் ஒன்றானாலும் பொருள் வேறு. 1582இல் தகேதா குலம் வீழ்ந்தபிறகு அதன் வீரர்கள் பலரைத் தன் படையில் பெற்ற ஜப்பானியத் தளபதி இயி நவோமசா, தன் படை முழுவதையும் சிவப்புக் கவசத்தில் நிறுத்தியதால் பெயர்பெற்றவர். அந்தச் சிவப்பு ஓர் அரக்குப் பூச்சு (இங்கே அரக்கு என்பது நிறம் அல்ல, மெருகுப் பூச்சு). இரும்பு ஆக்ஸைடோ பாதரசச் சிவப்போ கலந்து பூசி மெருகேற்றியது. இயி குலத்துக் கவசங்களை ஜப்பானின் ஹிகோனே கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

மெருகேறிய பரப்பில் வெளிச்சம் பரவலாக மங்காது, சின்னதாகக் கூர்மையாக விழும். ஆகவே நடு நிறங்களைக் குறைத்து, இருட்டுச் சிவப்புக்குப் பக்கத்திலேயே திடீரென்று ஒரு வெளிறிய, கிட்டத்தட்ட வெள்ளையான கோடு வைக்க வேண்டும். வெள்ளை வேண்டாம் என்று நான் இதுவரை சொன்னதற்கு இது மட்டும் விலக்கு. அங்கே தெரிவது சிவப்பின் வெளிச்சம் அல்ல, பூச்சின்மேல் பிரதிபலிக்கும் வானம். கோடு மெல்லியதாக இருக்கும்வரை ரோஸாகத் தெரியாது.

வீட்டு விளக்கில் நன்றாகத் தெரிந்த சிவப்பு வெளியே வேறு மாதிரி இருக்கிறதே?

விளக்கின் குறை. எல்இடி பல்பின் பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு. அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பு ஆர்9 என்ற தனி அளவு, அது அந்தச் சராசரியில் சேராது. சிஆர்ஐ 80 என்று போட்ட பல்பில்கூட ஆர்9 மிகக் குறைவாக இருக்கலாம், அப்போது கருஞ்சிவப்பு பழுப்பாகத் தெரியும். நீங்கள் அதைச் சரிசெய்யப் பளிச்சென்ற சிவப்பைச் சேர்ப்பீர்கள், பகலில் பார்த்தால் அதிகமாகிவிட்டிருக்கும். சிஆர்ஐ 90க்கு மேல், முடிந்தால் ஆர்9 அளவும் குறிப்பிட்டிருக்கும் விளக்காக வாங்குங்கள். விலை உயர்ந்த பிரஷைவிட முதலில் இதற்குச் செலவிடுங்கள் என்பேன்.

போட்டோவில் ஹைலைட்டே தெரியவில்லை, சிவப்பு ஒரே அப்பலாக வருகிறது.

கேமராவில் சிவப்புப் பகுதி மட்டும் உச்சத்தைத் தொட்டு, விவரம் அழிந்துபோகிறது. வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். பின்னணி நடுச் சாம்பலாக இருக்கட்டும். கறுப்புப் பின்னணி என்றால் போன் தானாகவே படத்தை வெளிச்சமாக்கி நிறத்தைக் கெடுக்கும்.

வார்னிஷ் அடித்ததும் நிறம் மாறுகிறதா?

மாறும். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஒளியைச் சிதறடிப்பதால் இருண்ட நிறங்கள் சற்று வெளிறி, நிழல்கள் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் நிறத்தை ஆழமாக்கும், ஆனால் பளபளப்பு நீங்கள் போட்ட ஹைலைட்டோடு போட்டியிடும். கருஞ்சிவப்புக் கவசத்துக்கு இரண்டுக்கும் நடுவிலான சாட்டின் வார்னிஷ்தான் சரியான இடம். மேட் அடித்தே ஆக வேண்டுமென்றால் நிழலை ஒரு படி அதிகம் இருட்டாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடித்துவிட்டேன். ஹைலைட் அதிகமாகி மாடல் ஆரஞ்சாகத் தெரிகிறது. அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா?

வேண்டாம். கரோபர்க் கிரிம்சனையும் லாமியன் மீடியத்தையும் ஒன்றுக்கு மூன்று என்று கலந்து, ஆரஞ்சாகத் தெரியும் இடங்களில் மட்டும் கிளேஸாக இழுங்கள். ஒரு படலம், காய விடுங்கள், தள்ளி வைத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொன்று. ஆரஞ்சு மெல்ல அடங்கிச் சிவப்புக்குள் போகும். ஹைலைட்டின் வடிவம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் ஆழமாகும். விளிம்புக் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், மேலே இருக்கும் மூலைகளை விட்டுவிட்டு மற்ற இடங்களில் வஸ்டாக்கா ரெட்டை மெல்லியதாக ஒருமுறை தடவுங்கள்.